புது ராம் போட்டதும் தகராறா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டெஸ்க்டாப்பில் ராம் கூட்டுவது பத்து நிமிட வேலை. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற வேண்டும், ராம் பட்டையை, அதாவது ஸ்டிக்கை, ஸ்லாட்டில் அழுத்த வேண்டும், மூட வேண்டும், அவ்வளவுதான். தகராறு பிறப்பது பெரும்பாலும் அதற்கும் முன்னால், எந்த ராம் வாங்குவது என்று முடிவெடுக்கும்போது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு பதில் இருக்கும்: இப்போது என்ன செய்வது, வாங்கும்போதே எதைப் பார்த்திருக்க வேண்டும்.

கையை உள்ளே விடுவதற்கு முன் சிஸ்டத்தை ஷட்டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) பின்னாலுள்ள சுவிட்சை அணைத்து, பவர் கேபிளை உருவிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு ஸ்டிக்கை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதென்றால் அதன் ரெக்கவரி கீயை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும், போர்டின் சொந்த மென்பொருள்) அமைப்பு மாறினால் அது கீ கேட்டு நிற்கும். அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது.

ஸ்டிக் ஸ்லாட்டில் இறங்கவே மறுக்கிறது

அழுத்தாதீர்கள். முதலில் திருப்பிப் பாருங்கள். ஸ்டிக்கின் அடிப்பக்கத்தில் இருக்கும் வெட்டு சரியாக நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும். ஸ்லாட்டில் உள்ள மேடு அதற்கு நேராக வந்தால்தான் இறங்கும். இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்றால் ராம் வகையே தவறு.

டிடிஆர் என்பது ராமின் வகை, பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. டிடிஆர்3க்கு 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4க்கு 288 பின், 1.2 வோல்ட். டிடிஆர்5க்கும் அதே 288 பின்தான், ஆனால் 1.1 வோல்ட். பின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 போகும் என்று நினைப்பவர்கள் உண்டு, போகாது. டிடிஆர்5இல் வெட்டு நடுவுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். பலத்தைக் காட்டினால் உடைவது ஸ்டிக் மட்டுமல்ல, ஸ்லாட்டும்தான்.

எந்த வகை என்பதை முடிவு செய்வது மதர்போர்டு. ப்ராசஸரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்பவை. ஆனால் அவை உட்காரும் போர்டுகளில் பெரும்பாலும் ஏதாவது ஒன்றுக்குத்தான் ஸ்லாட் இருக்கும். ஒரே மாடல் பெயரில் இரண்டு வகை போர்டும் வருவதுண்டு, பெயரின் வாலில் 'டி4' என்று இருந்தால் அது டிடிஆர்4 போர்டு. ஏஎம்டி பக்கம் இந்தக் குழப்பம் இல்லை: ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) என்றால் டிடிஆர்4 மட்டும், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். இன்டெல்லின் எல்ஜிஏ1851 சாக்கெட்டும் டிடிஆர்5க்கு மட்டும்தான். எல்ஜிஏ1150 டிடிஆர்3 காலத்தது. இடையில் வந்த 6ஆம் தலைமுறை போர்டுகள் சிலவற்றில் டிடிஆர்3எல் ஸ்லாட் இருக்கும், அவற்றில் 1.35 வோல்ட் ஸ்டிக்தான் போட வேண்டும், பழைய 1.5 வோல்ட் ஸ்டிக்கைப் போடக்கூடாது.

கேபினெட்டைத் திறக்காமலே தெரிந்துகொள்ள சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். 'மெயின்போர்டு' தாவலில் போர்டின் மாடல், 'மெமரி' தாவலில் இப்போதுள்ள ராம் வகை, 'எஸ்பிடி' தாவலில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இருப்பது எது என்பது வரை வந்துவிடும். மாடல் பெயர் கிடைத்ததும் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான மெமரி சப்போர்ட் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் இல்லாத ஸ்டிக் வேலை செய்யாது என்று பொருளில்லை, சோதிக்கவில்லை என்றுதான் பொருள். ஆனால் நான்கு ஸ்டிக் போடப் போகிறவர்கள் அந்தப் பட்டியலைத் தாண்டிப் போகாமலிருப்பது நல்லது.

ஸ்டிக் உட்கார்ந்துவிட்டது, ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. டிடிஆர்5 என்றால் முதல் வேலை, சும்மா இருப்பது. புது ஸ்டிக்கோடு முதல்முறை இயக்கும்போது போர்டு ஒவ்வொரு ஸ்டிக்கையும் சோதித்துச் சிக்னல் நேரங்களைச் சரிப்படுத்திக்கொள்ளும். இதை மெமரி ட்ரெயினிங் என்பார்கள். அந்த நேரம் முழுக்கத் திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் 'டிராம்' என்று எழுதிய சிறு விளக்கு எரியும், சில போர்டுகள் தானாகவே ஓரிரு முறை அணைந்து எழும். இது சில நிமிடங்கள் எடுக்கும். கொள்ளளவு பெரிதானால் இன்னும் நீளும். பொறுமையில்லாமல் பவரை அணைத்தால் ட்ரெயினிங் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். டிடிஆர்4இல் இவ்வளவு நேரம் ஆகாது, ஓரிரு நிமிடத்தில் படம் வராவிட்டால் கோளாறு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

காத்திருந்தும் பயனில்லை என்றால் ஸ்டிக்கை எடுத்துத் திரும்பப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள ஸ்லாட்டுகளில்தான் இது ஏமாற்றும்: கிளிப் உள்ள முனை 'டக்' என்று பூட்டிக்கொள்ளும், கிளிப் இல்லாத முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கலாகவே நிற்கும். கண்ணை ஸ்லாட் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். தங்க நிறப் பற்களின் வரிசை ஒரு முனையில் கூடுதலாக வெளியே தெரிந்தால் அந்த முனை இறங்கவில்லை. அங்கே கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். போர்டு கொஞ்சம் வளைவது போலிருக்கும், பயப்பட வேண்டாம்.

பழைய ஸ்டிக் என்றால் பற்களில் அழுக்குப் படிந்திருக்கலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் விடாத துணியால் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது பழைய கைவைத்தியம். வேலை செய்யும், ஆனால் அதன் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுக் கோளாறு வரும்.

அடுத்தது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு ஸ்டிக்கோடு முயல்வது. நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட். போர்டில் 'ஏ2' என்று அச்சிட்டிருக்கும். இரண்டு ஸ்டிக் என்றால் இரண்டாவதும் நான்காவதும். முதலாவதும் இரண்டாவதும் போலப் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இரண்டையும் போட்டால் பல போர்டுகளில் வேலை செய்யும், ஆனால் சிங்கிள் சேனலில், அதாவது ப்ராசஸருக்கும் ராமுக்கும் இடையிலான இரண்டு பாதைகளில் ஒன்றில் மட்டும், ஓடும். முதல் ஸ்லாட்டில் மட்டும் போட்டால் சில போர்டுகள் எழவே எழாது.

இதற்கும் அசையவில்லை என்றால் சிமாஸை, அதாவது பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் நினைவகத்தை, அழியுங்கள். பவர் கேபிளை உருவி, சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்து திரும்பப் போடலாம். அல்லது கையேட்டில் சொல்லியிருக்கும் இரண்டு பின்களைச் சில விநாடி ஸ்க்ரூடிரைவர் முனையால் இணைக்கலாம். இதனால் தேதி மட்டுமல்ல, பூட் முறை, சாட்டா அமைப்பு எல்லாமே பழைய நிலைக்குப் போகும். டிஸ்ப்ளே வந்தும் விண்டோஸ் ஏறவில்லை என்றால் ராமைத் திட்டாமல் அந்த இரண்டையும் முன்பிருந்தபடி மாற்றுங்கள்.

பழைய ஸ்டிக் வேலை செய்கிறது, புது ஸ்டிக் தனியாகப் போட்டாலும் மறுக்கிறது என்றால் மூன்று காரணங்களைத் தேடலாம்.

முதலாவது, சர்வர் ராம். மலிவாகக் கிடைக்கும் டிடிஆர்3, டிடிஆர்4 ஸ்டிக்குகளில் பல, சர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு வகை. வெட்டு அதே இடத்தில் இருப்பதால் டெஸ்க்டாப் ஸ்லாட்டில் ஒழுங்காக இறங்கும், ஆனால் சாதாரண போர்டு எழாது. ஸ்டிக்கரில் 'பிசி4-2666வி-' என்பதற்கு அடுத்த எழுத்தைப் பாருங்கள். 'யு' என்றால் டெஸ்க்டாப் ராம், 'ஆர்' என்றால் ரெஜிஸ்டர்டு. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சில்லுகளை எண்ணுங்கள்: ஒரு பக்கத்தில் எட்டுக்குப் பதில் ஒன்பது மெமரி சில்லு இருந்தால் இசிசி (பிழை திருத்தும்) வகை, நடுவில் வேறு அளவில் தனியாக ஒரு சில்லும் இருந்தால் அது ரெஜிஸ்டர்டு. டிடிஆர்5இல் வெட்டின் இடத்தையே மாற்றிவிட்டதால் இந்த ஏமாற்றத்துக்கு வழியில்லை.

இரண்டாவது, டிடிஆர்3இல் மட்டும் வரும் வில்லங்கம். 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்டு விற்கும் ஸ்டிக்குகள் இன்டெல் போர்டில் வேலை செய்யாது. அதேபோல 4ஆம் தலைமுறை வரையிலான சாதாரண இன்டெல் டெஸ்க்டாப்புகள் ஒரு ஸ்டிக்குக்கு 8 ஜிபிக்கு மேல் ஏற்காது. இரண்டு ஸ்லாட் உள்ள எச்81 போர்டில் 16 ஜிபி ஸ்டிக் ஒன்றைப் போட்டு 'பாதியாவது தெரியும்' என்று எதிர்பார்ப்பது வீண், அங்கே 8 ஜிபி இரண்டுதான் உச்சம்.

மூன்றாவது, பழைய பயாஸ். 24 ஜிபி, 48 ஜிபி அளவுள்ள டிடிஆர்5 ஸ்டிக்குகள் தாமதமாக வந்தவை, தொடக்ககால போர்டுகளுக்கு அவற்றைத் தெரியாது. பழைய ஸ்டிக்கைப் போட்டு பயாஸைப் புதுப்பித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

போட்டது 16 ஜிபி, காட்டுவது 8

முதலில் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே முழு அளவும் தெரிந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால் வன்பொருள் மீது தவறு இருக்க வாய்ப்புக் குறைவு. 32 பிட் விண்டோஸ் என்றால் எத்தனை ஜிபி போட்டாலும் 4க்குள்தான், கையில் கிடைப்பது மூன்று சொச்சம். 64 பிட் என்றால் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் தாவலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், 'மேக்ஸிமம் மெமரி' பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்த டிக்கைப் போட்டவர்கள் ஏராளம். அதனால் எந்த வேகமும் கூடாது. அரை ஜிபி, இரண்டு ஜிபி மட்டும் குறைகிறதா? ப்ராசஸரோடு இணைந்த கிராஃபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கிறது, அது கோளாறே இல்லை.

பயாஸிலேயே பாதி காணோம் என்றால் ஸ்டிக்குகளை இடம் மாற்றிப் போடுங்கள். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் அந்த ஸ்லாட் மட்டும் காலியாகக் காட்டினால் கோளாறு ஸ்லாட்டிலோ, பலரும் யோசிக்காத இடமான ப்ராசஸர் சாக்கெட்டிலோ இருக்கிறது. ராமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ளேயே இருப்பதால், கூலரின் நான்கு ஸ்க்ரூவில் ஒரு மூலை மட்டும் இறுகியிருந்தாலும் சில தொடர்புகள் விட்டுப்போய் ஒரு சேனல் முழுதும் மறைந்துவிடும். கூலரைக் கழற்றி, எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தெர்மல் பேஸ்ட் புதிதாக வைக்க மறக்க வேண்டாம். எல்ஜிஏ சாக்கெட் (பின்கள் போர்டில் இருக்கும் வகை) என்றால் ப்ராசஸரைத் தூக்கி, டார்ச் அடித்துப் பின்களைச் சாய்வாகப் பாருங்கள். ஒளிப்புள்ளிகளின் வரிசையில் ஒன்று மட்டும் ஒழுங்கு தவறி நின்றால் அந்தப் பின் வளைந்திருக்கிறது.

3200 வாங்கினேன், 2133 காட்டுகிறது

சிபியு-இசட் 1600 என்று காட்டினால் கவலை வேண்டாம். டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்புகிறது, 1600ஐ இரண்டால் பெருக்கினால் 3200. ஆனால் 1066 என்று காட்டினால் ராம் உண்மையிலேயே 2133இல்தான் ஓடுகிறது.

அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் பல ஸ்டிக்குகளில் ஓவர்கிளாக் வேகம், அதாவது இயல்பான வேகத்தைத் தாண்டி ஓட்டும் வேகம். ஸ்டிக் தானாக எழும் வேகம் வேறு. பயாஸில் எக்ஸ்எம்பி, ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்போ அல்லது டிஓசிபி என்ற பெயரில் இருக்கும் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால்தான் அது வரும். டிடிஆர்4 3200 ப்ரொஃபைல்கள் பொதுவாக 1.2 வோல்ட்டை 1.35க்கு உயர்த்தும்; அது இயல்புதான்.

ப்ரொஃபைல் போட்டும் 2666ஐத் தாண்டவில்லையா? போர்டில் என்னென்ன வசதி கிடைக்கும் என்பதை முடிவு செய்யும் சில்லான சிப்செட்டைப் பாருங்கள். இன்டெல்லில் 400 வரிசை வரை இசட் சிப்செட் தவிர மற்றவை ப்ராசஸரின் அதிகாரபூர்வ வேகத்தை மீற விடாது. எச்410, பி460 போர்டில் 10ஆம் தலைமுறை ஐ5 போட்டால் 2666தான் எல்லை, அதற்கு மேல் வேகமான ஸ்டிக்குக்குக் கொடுத்த காசு சும்மா கிடக்கும். பி560 வந்த பிறகுதான் நடுத்தர போர்டுகளிலும் இந்தக் கதவு திறந்தது.

வாங்கும்போது வேகத்தை மட்டும் பார்ப்பது இன்னொரு பொறி. சிஎல் எண்ணை (கேட்ட தரவைத் தர ராம் எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை) 2000ஆல் பெருக்கி, ராம் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோவிநாடியில் வரும். 3200 சிஎல்16க்கு 10, 3200 சிஎல்22க்கு 13.75. டிடிஆர்5 6000 சிஎல்30க்கும் அதே 10தான். 4800 சிஎல்40க்கு 16.7. அதாவது மலிவான டிடிஆர்5 தாமதத்தில் நல்ல டிடிஆர்4ஐவிடப் பின்தங்கும், விநாடிக்குக் கடத்தும் தரவின் அளவில்தான் (பேண்ட்விட்த்) முந்தும். ஏஎம்4 போர்டில் ஏஎம்டியின் ரைசன் 3000, 5000 வரிசை ப்ராசஸர் என்றால் 3200 சிஎல்16 அல்லது 3600 சிஎல்18 போதும். ஏஎம்5க்கு 6000 சிஎல்30 நல்ல இடம். அதற்கு மேல் போனால் ஸ்திரத்தன்மைக்காகப் போராட வேண்டிவரும், கிடைக்கும் லாபம் சொற்பம்.

எக்ஸ்எம்பி போட்டால் நீலத்திரை, தானாக ரீஸ்டார்ட்

நீலத்திரையில் 'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' போன்றவை மாறி மாறி வந்தால் ராம் மீது சந்தேகப்படலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு செய்தி வருவதே பெரிய துப்பு. டிரைவர் கோளாறு என்றால் பொதுவாக ஒரே செய்தி திரும்பத் திரும்ப வரும். இன்னொரு அமைதியான அறிகுறி, பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போது ஒருமுறை பிழை காட்டி, அதே கோப்பு அடுத்த முறை ஒழுங்காக விரிவது. இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சேமிக்கும் கோப்புகளிலும் கெட்ட பிட்கள் ஏறும்.

ராமைச் சோதிக்கும் இலவச மென்பொருளான மெம்டெஸ்ட்86+ஐ பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து நான்கு சுற்று ஓடவிடுங்கள். 16 ஜிபிக்கே சில மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. முதல் சோதனை எக்ஸ்எம்பியோடு, இரண்டாவது எக்ஸ்எம்பி இல்லாமல். இல்லாமலும் பிழை வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காக ஒரே ஸ்லாட்டில் சோதித்து, கெட்டது எது என்று பிடித்து வாரண்டியில் மாற்றுங்கள். எக்ஸ்எம்பியில் மட்டும் பிழை என்றால் ஸ்டிக் சாகவில்லை, அந்த வேகத்தை ஸ்டிக்கோ ப்ராசஸரோ போர்டோ தாங்கவில்லை. ப்ரொஃபைலை வைத்துக்கொண்டே வேகத்தை மட்டும் ஒரு படி இறக்குங்கள்: 3600 என்றால் 3466, பிறகு 3200. வோல்டேஜைக் கையால் ஏற்றி 3600ஐயே பிடித்துத் தொங்குவதில் அர்த்தமில்லை.

நான்கு டிடிஆர்5 ஸ்டிக் போட்டவர்களுக்குத் தனியாக ஒன்று. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு வெறும் 3600. நான்கிலும் 6000 ஓடவில்லை என்றால் அது பழுதல்ல, அந்த ஏற்பாட்டின் எல்லை. 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டாக வாங்குங்கள்.

பழையதும் புதியதும் சேர்ந்தால் மட்டும் சண்டை

தனித்தனியாக இரண்டும் நன்றாக ஓடும், சேர்த்தால் தடுமாறும். வேகம் வேறாக இருந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும், அதில் ஆபத்தில்லை. சிக்கல் எக்ஸ்எம்பியில்தான்: போர்டு ஒரு ஸ்டிக்கின் ப்ரொஃபைலை எடுத்து மற்றதன் மீதும் திணிக்கும். எக்ஸ்எம்பியை அணைத்தால் பெரும்பாலும் சமாதானம் ஆகிவிடும். ஒரே மாடல் எண் என்பதும் முழு உத்தரவாதமில்லை, தயாரிப்பாளர்கள் அதே பெயரில் உள்ளே சில்லை மாற்றுவதுண்டு. அதனால்தான் ஒரே பெட்டியில் வரும் ஜோடியை வாங்கச் சொல்வது.

அளவு வேறாக இருந்தால்? 8 ஜிபியோடு 4 ஜிபி போட்டால் இன்டெல் போர்டு இரண்டிலிருந்தும் நான்கு நான்காக 8 ஜிபியை டூயல் சேனலில் ஓட்டும், மிச்ச 4 சிங்கிள் சேனலில் போகும். 8 மட்டும் தனியாக இருப்பதைவிட இது மேல். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் இரண்டாவது ஸ்டிக்கின் பலன் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் அங்கே கிராஃபிக்ஸும் இதே ராமின் பேண்ட்விட்த்தைத்தான் பங்கு போடுகிறது. டிடிஆர்4 3200இல் ஒரு சேனலுக்கு விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டாவது ஸ்டிக் அதை இரட்டிப்பாக்கும்.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஒரு நிமிடம் கறுப்புத் திரை

ஏஎம்5 போர்டுகளின் வழக்கம் இது. ஒவ்வொரு முறையும் ட்ரெயினிங் நடக்கிறது. பயாஸைப் புதுப்பித்து, 'மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர்' என்பதை இயக்குங்கள். அதன்பின் நீலத்திரை வந்தால் திரும்ப அணைத்துவிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் வேகம் கூடவில்லை

வழக்கமாகப் பார்க்கும் வேலை அத்தனையையும் திறந்து வைத்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பாருங்கள். பழைய ராமிலேயே பாதிதான் நிரம்பியிருந்தது என்றால் எவ்வளவு கூட்டினாலும் மாற்றம் தெரியாது. விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்கில் இருந்தால் முதலில் வாங்க வேண்டியது எஸ்எஸ்டி.

டிடிஆர்4இலிருந்து டிடிஆர்5க்குப் போகலாமா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். அது ராம் மாற்றுவதல்ல. போர்டு, ராம், பல நேரம் ப்ராசஸர், சில நேரம் கூலரும் சேர்ந்த செலவு. இருக்கும் ஏஎம்4 அல்லது டிடிஆர்4 இன்டெல் போர்டில் 16ஐ 32 ஆக்கினால் வேலை நடக்கும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ப்ராசஸரே திணறுகிறது, எப்படியும் சாக்கெட் மாறப்போகிறது என்றால் பழைய போர்டுக்கு இனி ராம் வாங்க வேண்டாம். அதிலுள்ள டிடிஆர்4 ஸ்டிக்குகள் டிடிஆர்5 போர்டுக்கு வராது. விற்பதானால் போர்டு, ப்ராசஸர், ராம் மூன்றையும் ஓடும் நிலையில் சேர்த்தே விற்றுவிடுங்கள்.